மூன்று வெட்டுக் காகிதம்

என் மனைவியின் தம்பி எனக்குக் காப்பியில் விஷம் வைத்துவிட்டான் என்று நான் முழுமனதாக நம்பினேன். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன்: என் சைக்கிள். பிரேக் பிடிக்காத அந்த வண்டிக்காக ஒருவன் கொலைகாரன் ஆவான் என்று நினைத்த மூளையை என்ன சொல்ல!

அப்போது திருவொற்றியூரில் டின் அடிக்கும் கம்பெனியில் எனக்கு ராத்திரி ஷிப்ட். விடிந்து ராயபுரம் வீட்டுக்கு வந்து படுத்தால், காதுக்குள் டின் அடித்துக்கொண்டே இருக்கும். ஆஸ்பத்திரியில் குளோரல் என்ற தூக்க மருந்தைக் கலந்து புட்டியில் கொடுத்தார்கள். புட்டியின் பக்கவாட்டில், வழக்கம்போல, பல் பல்லாக வெட்டிய காகிதம். ஆறு வெட்டு, ஆறு வேளை; மருந்து ஒரு வெட்டு இறங்கினால் ஒரு வேளை.

நாலு வெட்டு மருந்து இருக்க வேண்டிய நாளில் மூன்றரைதான் இருந்தது. வீட்டில் புதிதாக வந்து தங்கியவன் மச்சான். ஆகவே திருடன் மச்சான். அடுத்த புட்டி வந்ததும் ஆஸ்பத்திரிக் காகிதத்தை ஈரத்துணியால் உரித்துவிட்டு, மூன்றே வெட்டுள்ள காகிதத்தை நானே கத்தரித்து ஒட்டினேன். திருடன் ஒரு வெட்டு குடித்தால் இரண்டு வேளை உள்ளே போகும். பட்டப்பகலில் சுருண்டு விழுவான். நான் மட்டும் அரை வெட்டு குடிப்பதாக ஏற்பாடு. புட்டியை எப்போதும்போல் பெட்டியில் வேட்டிகளுக்கடியில் படுக்கவைத்தேன்.

நாலாம் நாள், தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டுக் காலையில் வந்தேன். மச்சான் காப்பி கொடுத்தான். குடித்தேன், மருந்தையும் குடித்தேன், படுத்தேன். கண் விழித்தால் ஆஸ்பத்திரிக் கட்டில். எழுப்பி எழுப்பிப் பார்த்தும் எழவில்லையாம். வயிற்றைக் கழுவி, ரத்தமும் சிறுநீரும் எடுத்துவிட்டிருந்தார்கள். விஷக் கேஸோ என்று பக்கத்தில் ஒரு போலீஸ்காரர்.

“காப்பி! அவன்தான்!” என்றேன்.

கட்டிலருகே மனைவியோடு நின்ற மச்சான் திகைத்துப்போனான். “இன்னா மாமா பேசுறே? ரெண்டு மணிக்கு நான் ஹார்பர் கேட்டுல நிக்கணும். மொத நாளு வேல. போவலன்னா வேற ஆள எடுத்துக்குவான்.”

“வெஷம் வெச்சவனுக்கு வேல ஒரு கேடா?”

“யோவ், ஒன்ன ரிக்சாவுல தூக்கிப் போட்டதே அவன்தான்யா!” என்றாள் மனைவி.

“அதாண்டி சந்தேகமே. திடீர்னு அவ்ளோ பாசம் எங்கேந்து வந்துச்சி?”

போலீஸ்காரர் மச்சானைப் பார்த்தார். “நைனா, டாக்டர் சொல்ற வரிக்கும் இங்கியே குந்து.”

மருந்துப் புட்டியை எடுத்துவர மனைவி வீட்டுக்கு ஓடினாள். சோதனைக்கூடத்து டாக்டர் வந்து, பக்கத்து மேசையிலேயே என் சிறுநீரைக் குழாயில் விட்டார். நான் தின்றது, திருடியது, பெண்டாட்டியிடம் சொன்ன பொய் எல்லாம் அதில் தெரிந்துவிடுமோ என்று எனக்கு நடுக்கம். கொஞ்சம் சோடாக் காரமும், காசிமேட்டு மீன்சந்தையே தேவலை என்று சொல்லும்படி நாறிய ஒரு திரவமும் சேர்த்துக் கொதிநீரில் வைத்தார். மேலே நின்ற திரவம் சிவந்தது.

“உங்க தூக்க மருந்துதான். நிறைய உள்ள போயிருக்கு.”

“அதத்தான் காப்பில கலந்துட்டான்! திருட்டுத்தனமா இவனும் குடிக்கிறான் டாக்டர். இவன் மூத்திரத்தையும் பாருங்க!”

மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு போய்க் கொண்டுவந்து வைத்தான். “பாருங்க சார். சீக்கிரம் பாருங்க.” அவன் கண் சுவர்க் கடிகாரத்திலேயே இருந்தது.

அவனுடையது சிவக்கவில்லை. மறுபடி செய்யச் சொன்னேன். மறுபடியும் சிவக்கவில்லை.

மனைவி புட்டியோடு என் வேட்டி ஒன்றையும் கொண்டுவந்தாள். கார்க் ஒழுகி வேட்டியெல்லாம் பிசுபிசுப்பு. டாக்டர் புட்டியைத் திருப்பினார்.

“நாங்க ஆறு வெட்டுதானே ஒட்டுவோம்? இது யார் வெட்டினது? இன்னிக்கு எவ்வளவு குடிச்சீங்க?”

“ஒரு வெட்டு” என்றேன். சொன்ன பிறகுதான் என் கத்தரிக்கோல் ஞாபகத்துக்கு வந்தது.

காகிதத்தை வெட்டியது நான். தூக்கக் கலக்கத்தில் என் பொறியை நானே மறந்து, இரண்டு வேளை மருந்தை ஒரே மடக்கில் குடித்ததும் நான். முதல் புட்டியில் குறைந்தது கார்க் வழியாக ஒழுகியது. போலீஸ்காரர் மச்சானைப் போகச் சொன்னபோது மணி இரண்டரை. என் சைக்கிளில்தான் போனான். ஹார்பரில் அவன் இடத்துக்கு வேறொருவனை எடுத்துவிட்டிருந்தார்கள்.