பள்ளத்தின் விளிம்பில் உடைத்த தேங்காய்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுபதுகளில் திருவள்ளூரில் சொந்தமாக லாரி வாங்கிக் கடப்பா கல் ஏற்றி விற்றேன். எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் அந்தத் தைரியம் கிடையாது. புது லாரியின் முதல் ஓட்டத்திலேயே மாமியார் வீட்டார் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, கடப்பா பக்கம் இருக்கும் கண்டிக்கோட்டைக்குப் போனேன். அங்கே பெண்ணாறு மலையைப் பிளந்துகொண்டு ஓடும். விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால் தண்ணீர் எங்கோ கீழே நூலாகத் தெரியும். இருபுறமும் செக்கச்செவேலென்று பாறை, அடுக்கடுக்காக.

லாரியைச் சற்றுத் தள்ளி நிறுத்தி, வண்டிக்குத் தேங்காய் உடைக்கலாம் என்றேன். தேங்காய் வாங்கி வந்ததும் நான்தான். மாமியார் அதை எடுத்து என் சகலையிடம் நீட்டினார். மனைவியின் அக்கா புருஷன் அவர், கோர்ட்டில் குமாஸ்தா.

“மூத்த மாப்ளே, நீங்க ஒடைங்க. அதான் மொறை.”

“லாரி யாருதுன்னு தெரியும்ல?” என்றேன்.

“உங்களுதுதான், யாரு இல்லேன்னாங்க? பெரிய மாப்ள அவருதான?”

தேங்காய் அழுகியிருக்க வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன். சகலையின் ஒரே வீச்சில் சிதறியது. உள்ளே பால் போல வெள்ளை. என் மனைவியே கை தட்டினாள்.

“மூஞ்ச இன்னா இப்டி வச்சிக்கினு கீறீங்க? பள்ளத்தப் பாருங்க, எவ்ளோ அழகா கீது!” என்றாள்.

எனக்குச் சகலையின் முதுகுதான் தெரிந்தது.

பிறகு கல் ஏற்றப் போகும்போதெல்லாம் அதே விளிம்பில் நானே தேங்காய் உடைத்தேன். ஒவ்வொன்றும் அவர் உடைத்ததைவிட நன்றாகவே சிதறியது. கை தட்டத்தான் அங்கே யாரும் இல்லை.