இடமும் வலமுமாக நின்ற ஆண்டெனாக்கள்

கனடாவில் மகன் வீட்டில் இருக்கும் என் நண்பருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. ஓசூரில் என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர். இருவருக்கும் அமெச்சூர் ரேடியோ உரிமம் உண்டு. போனில் விசாரித்தால் ‘அப்பா நல்லா இருக்கார்’ என்று மகன்தான் எழுதுவான். அவர் விரல் மட்டும் மோர்ஸ் தந்தி தட்டும் சாவியை மறக்கவில்லை. அவர் சொந்தமாகச் சொல்வதைக் கேட்க எனக்கு அது ஒன்றுதான் வழி.

ஞாயிறு காலை ஏழு மணி எங்கள் நேரம். ஆனால் என் வீடு சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டியது. ஆலை இயந்திரங்கள் ரேடியோவில் கிளப்பும் இரைச்சலில் சில மாதங்களாக அவர் சிக்னல் காதில் விழவேயில்லை. பதில் வராவிட்டாலும் நான் பாட்டுக்கு அணை திறந்தது, புது சூப்பர்வைசரின் அலட்டல் என்று தட்டிக்கொண்டிருப்பேன்.

கனடா மாதிரி தூரத்திலிருந்து வரும் அலை அடிவானத்தை ஒட்டித் தாழ்வாக வந்து சேரும். டெல்லி மாதிரி கிட்டத்திலிருந்து வருவதோ உயரத்திலிருந்து சரிந்து இறங்கும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஆண்டெனா வைத்து ஒரே கேபிளில் சேர்த்தால், தாழ்வாக வருவது பலமாகக் கேட்கும். அதற்காக, இருந்ததோடு சேர்க்க இன்னொரு ஆண்டெனா செய்தேன். எங்கள் ஆலை வெல்டர், எல்லோரும் ‘பாய்’ என்று கூப்பிடுபவர், வார விடுமுறையைத் தியாகம் செய்து, மொட்டை மாடிக் குழாயை உயர்த்தி, தானே ஏறி மாட்டினார்.

அந்த ஞாயிறு டெல்லியில் இருக்கும் இன்னொரு ரேடியோக்காரர் கணீரென்று கேட்டார். கனடாப் பக்கம் ஒரு முனகல்கூட இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. குழாயின் அளவு தப்பு என்று பாயைப் போனில் கண்டபடி பேசிவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அடுத்த சனிக்கிழமை அவரே டேப்போடு வந்தார். அளவு சரியாகவே இருந்தது. மேலே ஏறிப் பார்த்தவர் அங்கிருந்தே கேட்டார்.

“ண்ணா, கீழ இருக்கறது எல்.எச்., மேல இருக்கறது ஆர்.எச். மாதிரி இருக்குதே. அப்பிடித்தான் வெக்கணுமா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபது வருடமாகக் கார் பாகங்களை எல்.எச்., ஆர்.எச். என்று இடது வலது ஜோடியாகச் செய்த கை என்னுடையது. ஆண்டெனாவையும் ஜோடியாகவே செய்துவைத்திருக்கிறது. கேபிளின் நடுக்கம்பி ஒன்றில் இடப்பக்கம், மற்றதில் வலப்பக்கம். தாழ்வாக வரும் அலையையும் போகும் அலையையும் இரண்டும் கூட்டுவதற்குப் பதில் ஒன்றையொன்று கழித்திருக்கின்றன; உயரத்திலிருந்து இறங்கும் டெல்லி மட்டும் தப்பியிருக்கிறது. பாய் மேலே இருந்ததைக் கழற்றித் திருப்பி மாட்டினார். நான் மன்னிப்புக் கேட்டேன். “அட, வுடுங்கண்ணா” என்று கையைத் துடைத்துக்கொண்டார். அந்த மனிதருக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

மறுநாள் காலை அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஏழு மணிக்கு என் ரேடியோ அடையாளக் குறியைத் தட்டினேன். இரைச்சலுக்கு மேலே, மெதுவாக, தடுமாறி, ஆனால் தெளிவாக என் நண்பர் வந்தார். காகிதத்தில் எழுத எழுதக் கண்ணீர் மறைத்தது. அப்போதுதான் புரிந்தது, அவர் ஊரில் இரைச்சல் கிடையாது. என் பழைய ஆண்டெனாவே இத்தனை மாதமும் அவரை எட்டியிருக்கிறது.

‘உன்னை எல்லா வாரமும் கேட்டேன். போன வாரம் மட்டும் நீ இல்லை. உனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று அழுதேன்.’

பாய்க்குப் படித்துக் காட்டினேன். சாவியை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தேன்.

“அழறது அப்பறம் இருக்கட்டுங்கண்ணா,” என்றார் பாய். “மொதல்ல நீங்க இருக்கீங்கன்னு சொல்லுங்க.”