எண்ணெய் தடவும் அப்பா

குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அடித்த கையோடு சமாதானமும் செய்து வைத்துவிடுவோம். முதல் பக்கத்தில் குழந்தை ஒரு தப்புச் செய்யும். இரண்டாம் பக்கத்தில் அப்பா அடிப்பார். மூன்றாம் பக்கத்தில், குழந்தை தூங்கிவிட்டது என்று நினைத்து, தடித்துப்போன இடத்தில் எண்ணெய் தடவிவிட்டு அவரே கண் கலங்குவார். கண்ணை மூடிக்கொண்டே இதையெல்லாம் தெரிந்துகொள்ளும் குழந்தை, இனிமேல் தப்பே செய்வதில்லை என்று முடிவெடுக்கும். சுபம். அந்த மூன்றாம் பக்கத்தை நானும் எழுதியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, வேறு வேறு தலைப்பில் நான்கைந்து தடவை. மற்றவர்களைவிட நன்றாக எழுதுகிறேன் என்ற தலைக்கனம் வேறு.

நன்றாக எழுத வந்ததற்குக் காரணம், அது என் சொந்த ஞாபகம். அப்போது திருக்கோவிலூரில் குடியிருந்தோம். அப்பாவின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்க்கிறேன் என்று எடுத்து, கீழே போட்டு உடைத்துவிட்டேன். புளியங்குச்சியால் முழங்காலுக்குக் கீழே அடி விழுந்தது. அது நிச்சயம், அதில் சந்தேகமே இல்லை. அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் வருகிறது. நான் பாயில் குப்புறப் படுத்திருக்கிறேன். ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நீளமாக விழுந்திருக்கிறது. எங்கேயோ ஒரு ரேடியோ, என்ன பாட்டென்று தெரியாத தூரத்தில் பாடுகிறது. யாரோ வந்து பக்கத்தில் உட்காருகிறார்கள். புட்டியின் மூடியைத் திருகும் சத்தம். கெண்டைக்காலில் வெதுவெதுப்பாக எண்ணெய். அந்த விரல்கள் மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே போய்க்கொண்டே இருக்கின்றன, வெயில் நகராமல் நிற்கிறது.

அந்த மத்தியானத்தில் நான் எத்தனையோ வருஷம் குடியிருந்திருக்கிறேன். தூக்கம் வராதபோது அங்கே போய்ப் படுத்துக்கொள்வேன். அப்பா இறந்த அன்று, மாலைகளுக்கு நடுவே தெரிந்த அவருடைய விரல்களைப் பார்த்துத்தான் எனக்கு அழுகையே வந்தது.

இப்போது கள்ளக்குறிச்சியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு, கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குக் கதை சொல்லப் போவேன். அங்கே டீச்சராக இருப்பவர் என்னோடு படித்தவர். பஸ் கரும்பையும் மரவள்ளியையும் தாண்டிப் போகப்போக, மலை முதலில் மேகம் மாதிரி இருக்கும், பிறகு மேகம்தான் மலை மாதிரி இருக்கும். எது எது என்று பிரித்துப் பார்க்க நான் முயன்றதே இல்லை. பாதி விழிப்பில் அப்படியே போய் இறங்குவது எனக்குப் பிடிக்கும்.

அப்படிப் போன ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய்க் கதையைப் படித்தேன். புங்க மரத்தடியில் பிள்ளைகள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் டீச்சர்கூட முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது, மறைப்பானேன். எல்லோரும் ஓடிய பிறகு அஞ்சாவது படிக்கும் ஒரு பெண் மட்டும் நின்றாள். இரட்டைச் சடை, ஒன்றில் ரிப்பன் இல்லை.

"மிஸ், எண்ண எப்போ தடவுவாங்க?"

"அந்தப் பொண்ணு தூங்கினப்புறம்தான்" என்றேன்.

"தூங்கி எவ்ளோ நேரம் கழிச்சி?"

"கொஞ்ச நேரம் கழிச்சு."

அவள் யோசித்தாள். "கண்ணு ஆடிச்சின்னா தடவ மாட்டாங்களா மிஸ்?"

"ஆடாம இருந்தா தடவுவாங்க" என்று சொல்லி அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் நான் செய்த முதல் காரியம், நோட்டை எடுத்து அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டதுதான். 'கண்ணு ஆடிச்சின்னா தடவ மாட்டாங்களா.' என்ன அழகான வரி, அடுத்த கதையில் வைத்துவிடலாம் என்று தோன்றியது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை திருக்கோவிலூரில் அம்மாவைப் பார்க்கப் போனேன். அம்மா அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் என் கதைக்குக் கிடைத்த மரியாதையை விலாவாரியாகச் சொன்னேன். அப்பாவை வைத்துத்தான் எழுதினேன், நம் வீட்டில் நடந்ததுதான் என்றும் சொன்னேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "இன்னாடி சொல்ற? உங்கப்பாவா எண்ண தடவுனாரு?"

"ஆமாம்மா. மூக்குக்கண்ணாடி உடைச்சேனே, அன்னைக்கு."

"அவரு அடிச்சிட்டு வெளிய போனாருன்னா சோத்துக்குத்தான் திரும்பி வருவாரு. எண்ணப் புட்டி எங்க இருக்குதுன்னே அவருக்குத் தெரியாது."

"அப்போ நீதான் தடவினியா?"

"நான் எங்க கிட்ட வர்றது? வந்தா எனக்கும் சேத்து வுழும்." அம்மா அடுத்த காயை எடுத்தார். "யாரும் தடவல. நீ மூலையில குந்திக்கினு எதனா ஒரு கதப் பொஸ்தகம் படிச்சிக்கினு இருந்த. கூப்ட்டாகூட காதுல வுழாது உனக்கு."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், அதுவும் அம்மாவின் மேல். பழையதையெல்லாம் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். சாப்பிட்டு முடித்துப் படுத்து, வழக்கம்போல அந்த மத்தியானத்துக்குப் போனேன். பாய் இருந்தது, ஜன்னல் கம்பி நிழல் இருந்தது, ரேடியோகூடப் பாடியது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஆளின் முகத்தைப் பார்க்கத் தலையைத் திருப்பினேன். அது ஒரு படம். ஏதோ ஒரு கதைப் புத்தகத்தில் வந்த கோட்டுப் படம்: மீசை வைத்த, வேட்டி கட்டிய, குனிந்து உட்கார்ந்திருக்கும் ஓர் அப்பா. என் அப்பாவுக்கு மீசையே கிடையாது.

எந்தப் புத்தகம் என்று இன்றுவரை தெரியவில்லை. என்னை மாதிரி யாரோ ஒருவர், அவருக்கும் யாரும் தடவாத எண்ணெயைத்தான் எழுதியிருக்க வேண்டும். நான் அதை எடுத்து என் காலில் தடவிக்கொண்டேன், பிறகு ஊருக்கெல்லாம் கொடுத்தேன். பெரிய அழுகையாக ஒன்றும் வரவில்லை. நாற்பத்தேழு வயதில், அம்மா வீட்டுத் தரையில், கெண்டைக்கால் மட்டும் எரிந்தது.

அப்போதுதான் புங்க மரத்தடியில் நின்ற அந்தப் பெண் என்னிடம் கதையைப் பற்றிக் கேட்கவில்லை என்பது உறைத்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் ஏறினேன். மலை முழுக்கப் பனி மூடியிருந்தது. கண்டக்டர் பேசுவதுகூடத் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது போலிருந்தது. என் மடியில் ஒரு தாள் இருந்தது. விடிவதற்குள் மூன்றாம் பக்கத்தை மாற்றி எழுதியிருந்தேன். புதுக் கதையில் அப்பா வருவதில்லை. எண்ணெயும் இல்லை. குழந்தை எழுந்துபோய், தனக்குப் பிடித்த ஒரு பெரியவரிடம் நடந்ததைச் சொல்கிறது. பாருங்கள், அப்போதும் நான் கதையைத்தான் கொண்டுபோனேன். வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

அந்தப் பெண் கேட்டதை முதலில் டீச்சரிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "பள்ளிக்கூடத்துல சேக்க வந்தப்பவே அவங்கப்பா சொன்னாரு, கண்ண மட்டும் வுட்டுட்டு தோல உரிச்சிடுங்கன்னு. எல்லாரும் சொல்றதுதானே, படிப்பு மேல அக்கறையான மனுஷன்னு நெனச்சிக்கினேன்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். எங்கள் ஊர்ப்பக்கம் பிள்ளையைப் பள்ளியில் விடும்போது சொல்லும் உபசார வார்த்தை அது. சொல்கிறவரும் சிரிப்பார், கேட்கிறவரும் சிரிப்பார், நடுவில் நிற்கும் பிள்ளை சிரித்ததா என்று நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

அந்தப் பெண்ணைப் புங்க மரத்தடிக்கு அழைத்து, பக்கத்தில் உட்கார வைத்து, புதுப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நல்லா இருக்கா?" என்றேன்.

"ம்."

"அந்தப் பொண்ணு மாதிரி யாருக்கு அடி விழுந்தாலும், பெரியவங்க யார்கிட்டயாவது சொல்லணும். சரியா?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். புரியாத பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது போல நிதானமாகச் சொன்னாள். "நான்தான் ஒங்ககிட்ட சொன்னேனே மிஸ்."

தாளை மடித்துக் கீழே வைத்தேன். "ஆமா, சொன்ன. எனக்குத்தான் காது கேக்கல" என்றேன்.

அவள் பாவாடையைக் கொஞ்சம் ஒதுக்கினாள். முழங்காலுக்குப் பின்னால் பழைய கோடுகள் இரண்டு, புதுசு ஒன்று. புதுசு சனிக்கிழமை விழுந்தது. தண்ணிக் குடத்தைச் சாய்த்துவிட்டாளாம். அடி முடிந்ததும் அவளே போய்ப் படுத்துக்கொண்டிருக்கிறாள், என் கதையில் வரும் பெண் மாதிரியே, குப்புற, கண்ணை மூடிக்கொண்டு. ரொம்ப நேரம் இருந்தாளாம். கை மரத்துப்போனதாம்.

"எனக்கு கண்ணு ஆடிக்கினே இருந்திச்சி மிஸ். அதான் அவரு வரல போல."

"கண்ணால இல்லம்மா" என்றேன். "நீ எப்படிப் படுத்திருந்தாலும் வந்திருக்க மாட்டாரு. எங்கப்பாவும் வரல. வருவாருன்னு நான் எழுதினது பொய்."

பொய் என்ற சொல்லை ஒரு குழந்தையிடம் அவ்வளவு பச்சையாக நான் சொன்னதில்லை. அவள் அழுவாள் என்று பயந்தேன். அவள் அழவில்லை. தரையில் கிடந்த புங்கக் காயொன்றை எடுத்து நசுக்கிக்கொண்டே இருந்தாள்.

"அப்போ அந்த மாதிரி படுத்துக்கினு இருக்கத் தேவையில்லியா?"

"தேவையில்ல."

"நெசமாவே தூங்கிடலாமா மிஸ்?"

தூங்கலாம் என்று வாய் வரை வந்துவிட்டது. அதையும் ஒரு கதை மாதிரி சொல்லிவிட்டுப் போகப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. எழுந்து, அவளுக்குக் கையை நீட்டினேன். இரண்டு பேரும் டீச்சரின் அறைக்கு நடந்தோம். குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்கு டீச்சர் போன் போட்டார். அந்தப் பக்கத்திலிருந்து, இன்றைக்கே ஆள் அனுப்புகிறோம், அதுவரை அவளை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் அவள் பக்கம் திரும்பி, தூங்கலாம் என்றேன்.