டபராவில் ஆற்றிக் குடித்தவர்

செய்யூர் போகும் வழியில், சவுக்குத் தோப்பை ஒட்டிய ஒரு காபிக் கடையில் அவரைப் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கையில் ஹெல்மெட்.

“டபராவுல குடுங்க. நானே ஆத்திக் குடிப்பேன்” என்றார்.

கடைக்காரர் எவர்சில்வர் டம்ளரை எடுத்தபடியே, “சாருக்கு எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

“இங்கதான், காலனி.”

எடுத்த டம்ளர் கீழே இறங்கியது. அந்தக் கை காகிதக் கப்பை எடுத்தது. பெஞ்சில் இருந்த எங்கள் எல்லோர் கையிலும் எவர்சில்வர்தான்.

“டபரா காலி இல்ல சார். கப்புல குடிங்க, அதான் சுத்தம்.”

“அங்க கவுத்து வெச்சிகினு கீறீங்களே, அது இன்னா?”

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. கடைக்காரர் திரும்பவில்லை.

கடைசியில் டபரா வந்தது. அவர் அவசரப்படவே இல்லை. உயரத் தூக்கி, நுரை எழ எழ ஆற்றினார். பெஞ்சில் ஒருவர் தொண்டையைச் செருமினார். வெள்ளைச் சட்டைக்காரர் நிதானமாகக் குடித்து முடித்தார்.

அந்த டம்ளரை மட்டும் தனியே வாங்கி வைக்கக் கடைக்காரர் கை நீட்டினார். அவர் கொடுக்கவில்லை. எங்கள் எச்சில் டம்ளர்கள் கிடந்த வாளிக்குள் அதைப் போட்டு, கையை விட்டு ஒரு கலக்குக் கலக்கினார்.

“இப்ப என்னுது எதுன்னு எடுத்து வைங்க பாப்போம்.”

அவர் வண்டி கிளம்பிப் போன பிறகும் கடைக்காரர் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வேறு யோசனை. அத்தனை ஆற்றிக் குடித்தாரே, அந்தக் காபி அவருக்கு ருசித்திருக்குமா?