சினைப்பைக் கட்டியும் ஆறு பட்டுச் சேலையும்

ஸ்கேன் டாக்டர் வேலை என்பது பலாப்பழத்தை வெட்டாமல், வெளியே தடவிப் பார்த்தே உள்ளே எத்தனை சுளை என்று சொல்கிற வேலை. வெட்டிப் பார்த்து "தப்பு" என்று சொல்வதற்கென்றே மாடியில் ஒரு பெத்தாலஜி டாக்டர் உட்கார்ந்திருப்பார். எங்கள் தென்காசி ஆஸ்பத்திரியில் அவர் சங்கரி மேடம். இருட்டறையில் கண்ணைக் கெடுத்துக்கொண்ட சக ஜீவன்களே, உங்கள் மாடியிலும் ஒரு சங்கரி மேடம் இல்லாமலா இருப்பார்?

பல் முளைத்த கட்டி

செங்கோட்டைக்காரர் ஒருவர் காலேஜ் படிக்கும் மகளைக் கூட்டி வந்தார். சினைப்பையில் கட்டி. உள்ளே கொழுப்பு, முடி, ஓரத்தில் பளிச்சென்று ஒரு பல்! சில கட்டிகள் அப்படித்தான். ஆபத்தில்லாத ரகம், எடுத்துவிட்டால் சரியாகிவிடும். அப்பா பயந்துவிடக் கூடாதே என்று பத்து நிமிஷம் பக்குவமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார்: "மோளுக்கு வாயில இருக்க பல்லே ரெண்டு சொத்தை. இதாவது நல்ல பல்லா, டாக்டரே?"

ஒரு லிட்டர் தண்ணீர்

முப்பிடாதியம்மாள் வாசுதேவநல்லூரில் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருப்பவர். வயது ஐம்பத்தெட்டு. வயிறு வீங்கி, மூச்சு வாங்க, போலீஸ்கார மகனோடு வந்தார். வெளியூரில் பார்த்த டாக்டர் புற்றுநோயாக இருக்கலாம் என்று சொல்லியிருந்தார். "ஒரு லிட்டர் தண்ணி குடிச்சிட்டு ஒரு மணி நேரத்துல வாங்கம்மா. மூத்திரப்பை நிறைஞ்சாத்தான் ஸ்கேன்ல தெளிவாத் தெரியும்" என்று அனுப்பினேன்.

இரண்டு மணி நேரம் கழித்து ஈரத்தலையோடு வந்து நின்றார். சாரல் சீசனாயிற்றே என்று ஆட்டோ பிடித்துக் குற்றாலம் போய், அருவி ஓரமாக நின்று நனைந்துவிட்டு வந்திருக்கிறார்கள். நான் கத்திய கத்தலில் போலீஸ்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அம்மாள் அசரவில்லை: "குடிச்ச தண்ணி அப்படியேதான் இருக்கு, பாருங்க. இந்தச் சாரல விட்டா அடுத்த சாரலுக்கு நான் இருக்கணும்லா, டாக்டரையா?"

புத்தகத்தில் மட்டும் பார்த்தது

வயிற்றில் நீர், நெஞ்சில் நீர், சினைப்பையில் தேங்காய் அளவுக்குக் கட்டி. ரத்தப் பரிசோதனையும் மிரட்டியது. எல்லாம் புற்றுநோய் என்றுதான் சொல்லின, கட்டியைத் தவிர. அது கெட்டியாக, பின்னால் கரிய நிழல் விழ, ரத்த ஓட்டமே அதிகமில்லாமல் சாதுவாக உட்கார்ந்திருந்தது. அபூர்வமாக ஒரு நார்க்கட்டி உண்டு. அது புற்றுநோய் மாதிரி எல்லா வேஷமும் போடும். வெட்டி எடுத்தால் நீரெல்லாம் தானாக வற்றிவிடும். புத்தகத்தில் மட்டும் பார்த்த சமாச்சாரம். ஆனாலும் ரிப்போர்ட்டில் எழுதிவிட்டேன். சங்கரி மேடம் படித்துவிட்டுச் சிரித்தார்.

நல்ல கட்டியாக இருக்கவும் வாய்ப்பிருக்கிறது என்று அம்மாளிடம் சொன்னேன். கையெடுத்துக் கும்பிடுவார் என்று நினைத்தேன். முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது: "உசுரு போறதுக்கு முந்தி செஞ்சிரணும்னு ஆறு பட்டுச்சேலையையும் மருமக்கமாருக்கும் தங்கச்சிமாருக்கும் பிரிச்சுக் குடுத்துட்டேன். இப்பம் வந்து வாய்ப்பிருக்குங்கீங்களே!"

மாடியிலிருந்து போன்

ஆபரேஷன் முடிந்தது. கட்டி மாடிக்குப் போனது. அதை மெழுகில் பதித்து, சீவி, சாயம் ஏற்றிப் பார்க்கச் சில நாள் ஆகும். அத்தனை நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த அம்மாளுக்கு வீண் ஆசை காட்டிவிட்டோமோ என்று பயம். கடைசியில் போன் வந்தது. எடுத்துக் கேட்டதும் ஸ்கேன் அறைக்குள்ளேயே ஒரு ஆட்டம் போட்டேன். நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். மேடம் சொன்னது இவ்வளவுதான்: "சுத்தமான நார்க்கட்டி, சார். இந்த ஒரு தடவை நீங்க சொன்னதுதான் சரி. அல்வாவோட மேல வாங்க."

கடைசி வரி

மூன்றாம் மாதம் அம்மாள் வந்தார். வயிற்றில் நீரில்லை, நெஞ்சிலும் இல்லை. மூச்சு வாங்காமல் மாடிவரை ஏறிப் போய் மேடத்துக்கு ஒரு பை எலுமிச்சம்பழம் கொடுத்துவிட்டு வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "எல்லாம் நல்லாயிருக்கு" என்று ரிப்போர்ட்டை நீட்டினேன். வாங்கவில்லை. "அடியில இன்னொரு வரி எழுதணும், டாக்டரையா. 'சேலையெல்லாம் திருப்பிக் குடுக்கவும்'னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நான் கேட்டா சண்டை வரும், டாக்டர் சொன்னா தட்ட மாட்டாளுவ."

எத்தனையோ ரிப்போர்ட் எழுதியிருக்கிறேன். மாடிக்கும் போகாமல், வேறு டாக்டரிடமும் காட்டாமல், அப்படியே நம்பி மருமகள்களும் தங்கைகளும் ஆறில் ஐந்து சேலையைத் திருப்பி அனுப்பியது அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான்.