மக்லூஃப் ஏலம் எடுத்த மெழுகுவத்தி

இஸ்ரேலின் டிமோனா ஊர்க்காரர் மக்லூஃப் அஸெராத், திபேரியாவில் அடங்கியிருக்கும் புனிதர் ரபி மெயிருக்கு ஆயிரத்து எண்ணூறு ஷெக்கல் கடன்பட்டிருந்தார். மனிதர் யாருக்கும் அவர் ஒரு காசு பாக்கி வைத்ததில்லை. வாழ்நாளில் பட்ட ஒரே கடன் இதுதான்.

சும்மா சொல்லவில்லை. மொராக்கோவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியபோது காலில் செருப்பில்லை. பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. சிமெண்டு குழைத்தே மேஸ்திரியாகி, பிறகு கான்ட்ராக்டரும் ஆனார். டிமோனாவில் எந்தத் தெருவிலும் சுவரைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று பேசுவது அவர் பூசிய சுவர்.

எங்கள் ஊரிலிருந்து வசந்தந்தோறும் ஒரு பஸ் கிளம்பும். மெரோன், ஸஃபேத் என்று புனிதர் சமாதிகளைச் சுற்றி, ரபி மெயிரின் நினைவு நாளுக்குத் திபேரியா போய்ச் சேரும். சமாதிக்குப் பக்கத்தில் விருந்து. விருந்தில் அவர் பெயரால் மெழுகுவத்தி ஏலம். எடுத்தவர் அதை ஏற்றி, மனதில் இருப்பதைக் கேட்டுக்கொள்வார். பணத்தை ஊருக்கு வந்தும் கொடுக்கலாம். ஆனால் வாய்விட்டுச் சொன்ன நிமிடமே அது நேர்த்திக்கடன்.

போன வருடம் மக்லூஃபின் மகன் அம்ராம் ரத்தப் புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஏலம் ஐநூறில் நின்று தயங்கியது. மக்லூஃப் மேஜையில் ஓங்கி அடித்து எழுந்தார்.

"ஆயிரத்து எண்ணூறு! மேல போறவன் எவனாவது இருக்கானா?"

"ஒருத்தனும் இல்ல அண்ணே, உக்காருங்க. மேஜை நம்மளுது இல்ல," என்றார் பணம் வசூலிக்கும் ஹனானியா.

பணம் அன்றைக்கே சட்டைப்பையில் இருந்தது. கொடுக்கவில்லை. "அடுத்த வருஷம் என் மகன் தன் கால்ல நடந்து வந்து, தன் கையால குடுப்பான். பாத்துக்கிட்டே இரு!" என்றார். விருந்தே கைதட்டியது.

குளிர்காலத்தில் அம்ராம் போய்விட்டான். ஏழு நாள் துக்கம் முடிந்து தரையிலிருந்து எழுந்த மனைவி ஃப்ரேஹா ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அன்னிக்கே குடுத்திருந்தா பிள்ளை பொழைச்சிருப்பான். புனிதரைக் காக்க வெச்சுட்டுப் பெருமை பேசினே நீ."

அதோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பாடு மட்டும் தவறாமல் மேஜைக்கு வரும்.

இந்த வருடமும் இருவரும் பஸ்ஸில் ஏறினார்கள். அவர் முன்னால், அவள் கடைசி வரிசையில். வழியில் அவித்த முட்டையும் காரமீனும் கைமாறிக்கொண்டிருந்தபோது ஒருத்தி கேட்டாள்: "மக்லூஃப் அண்ணே, இந்தத் தடவையாவது எங்களுக்கு ஒரு மெழுகுவத்தி விட்டு வைப்பீங்களா?"

பக்கத்தில் இருந்தவள் அவள் தொடையில் கிள்ளினாள். அதன் பிறகு திபேரியா வரை யாரும் சிரிக்கவில்லை.

இறங்கியதும் ஹனானியா இருவரையும் சமாதிச் சுவரோரம் அழைத்துப் போனார். இரண்டு பெரியவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது நாற்காலியில் ஹனானியா உட்கார்ந்தார்.

"நம்ம ஊர் ரபிகிட்ட சட்டம் கேட்டுட்டேன் அண்ணே. மூணு பேர் உக்காந்து வாக்கை அவுத்து விடலாம். விட்டா, அப்படி ஒரு வாக்கே குடுக்கலைன்னு ஆயிரும். கடனே இல்லைன்னா தாமதம் எங்க வந்துச்சு? நீங்க சொல்ல வேண்டியது ஒண்ணுதான். வாக்குக் குடுத்ததுக்கு மனசார வருந்துறேன்னு."

ஃப்ரேஹா இத்தனை மாதத்துக்குப் பிறகு அவரைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"சொல்லிரு, மனுஷா. பிள்ளை போனதுக்கு நீ காரணம் இல்லைன்னு நானும் நம்பிக்கிறேன். அந்த வீட்ல எனக்கும் பேச ஆள் வேணும்."

மக்லூஃப் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"பெருமை பேசினதுக்கு வருந்துறேன். பணத்தைப் பிடிச்சு வெச்சதுக்கு வருந்துறேன்."

"அது பத்தாது அண்ணே. வாக்குக் குடுத்ததுக்கே வருந்தணும்."

"என் பிள்ளை உசுரைக் கேட்டு ஏத்தின மெழுகுவத்திடா அது! கேட்டிருக்கக் கூடாதுன்னு நான் சொல்லணுமா?"

"சும்மா வாயால சொல்லுங்க. உள்ள புகுந்து யார் பாக்கப்போறா?"

மக்லூஃப் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. சொல் வரவில்லை. இன்னொரு முறை முயன்றார். பிறகு முடியாதென்று தலையை ஆட்டிவிட்டார்.

ஃப்ரேஹா தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தாள். கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். இனி அந்த வீட்டில் பேச்சு இல்லை என்பதும் தெரியும்.

உள்ளே ஏலம் தொடங்கிவிட்டது. ஒரு சின்னப் பெண்ணின் குரல், யாருக்காகவோ, விலையை ஏற்றிக்கொண்டிருந்தது.

"கையை நீட்டு," என்றார் மக்லூஃப்.

"வேணாம் அண்ணே. இதை வாங்கி இப்போ யாருக்கு என்ன ஆகப்போகுது?"

"ஒண்ணும் ஆகாது. நீட்டுடா."

ஹனானியா எழுந்து உள்ளங்கையை விரித்தார். மக்லூஃப் எச்சில் தொட்டு, இருநூறு ஷெக்கல் தாள்களை ஒவ்வொன்றாக எண்ணி, ஒன்பதையும் அதில் வைத்தார்.