பீப்பாய்க்கு அந்தப் பக்கம்

மலைமேல் நெல்லிவாசல் நாட்டில் அர்ச்சுனனைப் பட்டாளத்தார் என்றுதான் கூப்பிடுவார்கள். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று மலைக்குத் திரும்பியவர். சாமை விதைத்தார், ஆடு வளர்த்தார், யார் வம்புக்கும் போகவில்லை. போன ஐப்பசியில் மாரடைப்பு வந்து இறந்துபோனார். ஊர் அவரிடம் கண்ட குறை ஒன்றே ஒன்று. தன் சொந்தப் புளியமரத்தடிக்கு அவர் போகமாட்டார்.

அதற்குக் காரணம் லெபனானில் இருந்தது. ஐ.நா. அமைதிப் படையோடு அவர் அங்கே ஒரு வருஷம் காவல் இருந்தார். வடக்கே அரபு கிராமங்கள், தெற்கே யூதர்களின் நாடு, நடுவே ஒரு கோடு. இஸ்ரேல் படை லெபனானை விட்டுப் பின்வாங்கியபோது அதைச் சரிபார்க்க ஐ.நா. இழுத்த கோடு அது. அதுதான் எல்லை என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்ளவில்லை. மலைச்சரிவில் கோடு கண்ணுக்குத் தெரியாது. நீல வண்ணம் அடித்த பீப்பாய்கள்தான் தெரியும். தெற்கே ஆப்பிள் தோட்டத்தில் ஒரு பெரியவர் அவ்வப்போது டிராக்டரை நிறுத்திவிட்டு இவர்களையே பார்ப்பார். அவருடைய கொட்டகைக் கூரையில் ராக்கெட் விழுந்த ஓட்டை இருந்தது. அதை அவர் அடைக்கவேயில்லை.

வடக்குப் பக்கத்தில் ஒரு பீப்பாய் அருகே தலையில் கறுப்புத் துணி போர்த்தி, காலிச் சாக்கோடு ஒரு கிழவி வந்து நிற்பாள். பீப்பாய்க்கு அந்தப் பக்கம் சில ஆலிவ் மரங்கள். காய் கறுத்து, கீழே உதிர்ந்துகொண்டிருந்தது. யாரையும் தாண்ட விடக்கூடாது என்பது உத்தரவு. கூடக் காவல் நின்ற வாணியம்பாடிக்காரன் வக்கார் அரபியில் நாலு வார்த்தை பொறுக்கி வைத்திருந்தான். அவளிடம் பேசிவிட்டு வந்து சிரித்தான்.

"அண்ணே, அந்தம்மா இன்னா கேக்குதுன்னா, மரத்த நட்டது என் வூட்டுக்காரரு, பீப்பாய நட்டது எவன்னு கேக்குது."

"நீ இன்னா சொன்னே?"

"ஐ.நா.ன்னு சொன்னேன். அவரு எந்த ஊருன்னு கேக்குது."

அர்ச்சுனன் சிரிக்கவில்லை. "எங்க மலையில நெலம் ஒருத்தனுக்கு, மரம் ஒருத்தனுக்குன்னு இருக்கும்டா. மரத்துக்காரன் வந்தா வழி வுடணும். மறிச்சவன் வூட்ல நல்லது நடக்காதும்பாங்க."

"அத நியூயார்க்குக்கு எழுதிப் போடுங்க அண்ணே."

மறுநாள் காலையிலும் கிழவி வந்தாள். அர்ச்சுனன் அவளைப் பார்த்தார், மரங்களைப் பார்த்தார். பிறகு துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டு வடக்குப் பார்த்துத் திரும்பி நின்றார். அவள் செருப்பு சரளையில் உரசும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. பிறகு மண் அதிர்ந்தது.

அந்தக் கண்ணிவெடியை யார் புதைத்தார்கள், எந்தச் சண்டையில் புதைத்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. விசாரணையில் அவள் தாண்டியதைப் பார்த்தாயா என்று கேட்டார்கள். "பாக்கல சார்," என்றார். அது உண்மைதான்.

வீட்டில் அவர் இதைச் சொன்னதே இல்லை. அடக்கத்துக்கு வந்த வக்கார் சொல்லித்தான் தெரிந்தது.

மலைக்குத் திரும்பிய சில வருஷங்களில் தம்பி ராஜாக்கண்ணு பாகம் பிரிக்கக் கேட்டான். சண்டை எதுவும் இல்லை. வேலூரில் சர்வேயராக இருந்த மகள் பிரியதர்ஷினியே கருவி வைத்து அளந்து கல் நட்டாள். புளியமரம் சித்தப்பா பக்கம் விழுந்தது.

"மரம் உன்னுதுண்ணா. நெலம்தான் என்னுது. எப்ப வேணா வந்து உலுக்கு," என்றான் தம்பி.

அர்ச்சுனன் கல்லைப் பார்த்தபடியே தலையாட்டினார். அந்த மாசியில் சாக்கை எடுத்துக்கொண்டு கல் வரைக்கும் போனார். அங்கேயே நின்றுவிட்டார். மரத்தடியில் ஒருத்தி குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். கறுப்புத் துணி போர்த்திய தலை நிமிரவில்லை. பனி விலகியது. அவள் விலகவில்லை.

அடுத்த மாசியிலும் அப்படித்தான். அதற்கடுத்த மாசியிலும் அப்படித்தான். பழம் உதிர்ந்து, மழை பட்டுப் புழுத்தது. ராஜாக்கண்ணு பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கமாட்டார். மனைவி மங்கம்மாள் ஏசினாள்.

"மலையே புளி உலுக்குது. நீங்க கல்லுக்குக் காவல் நிக்கிறீங்க. கவர்மெண்டு இன்னும் சம்பளம் தருதா?"

கடைசி மாசியில் மகள் லீவில் வந்திருந்தாள். அம்மா ஏசுவதைக் கேட்டுச் சலித்துப்போய்ச் சாக்கை எடுத்துக்கொண்டு நடந்தாள். அப்பா கல்லருகே வழக்கம்போல் நின்றிருந்தார். அவரைக் கடந்து, கல்லைத் தாண்டிப் போனாள்.

"ஏய்! நில்லு!"

அது வீட்டில் பேசும் குரல் இல்லை. அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் ஓடிவந்துவிட்டார். பழம் உலுக்க மரமேறியிருந்த ராஜாக்கண்ணுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"அண்ணன் வந்துட்டாருடோய்!" என்று கத்தி, கிளையைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினான். காய்ந்த பழங்கள் சடசடவென்று கொட்டின. அர்ச்சுனன் மகளைத் தரையில் தள்ளி அவள்மேல் விழுந்து மூடிக்கொண்டார். கடைசிப் பழம் விழுந்த பிறகும் எழவில்லை. அப்பாவின் நெஞ்சு அடித்துக்கொள்வது மகளின் முதுகில் தெரிந்தது.

"இன்னாப்பா? சித்தப்பா நெலம்தானே?"

"நீ எந்த வழியா வந்தே?"

"இப்டியேதான் வந்தேன்."

"கால் வச்ச எடத்தக் காமி."

சருகு மூடிய தரையில் தடம் எதுவும் இல்லை. அவர் மண்ணை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். "நான் வைக்கிற எடத்துல மட்டும் வை." அவள் அப்படியே வைத்தாள். சாக்கு அங்கேயே கிடந்தது.

கல்லைத் தாண்டியதும் அவர் மரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தம்மாவையும் கூப்புடு."

"யாரப்பா?"

அவர் மரத்தடியைப் பார்த்தபடியே நின்றார். மணிக்கட்டை விடவில்லை. மரத்தடியில் யாரும் இல்லை. பிரியதர்ஷினி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மரத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"வாங்கம்மா. பாத்து வாங்க."

வெகுநேரம் கழித்து அவர் கை தளர்ந்தது.